மேஸ்திரி குடித்த இருபத்தோரு நாள் உப்புத்தண்ணீர்

போன வருடம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ராக்கப்பன் மேஸ்திரிக்குப் பொறாமை வந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அது வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப்பில் வருவது எதுவானாலும் கீழே நேரம் போட்டிருக்கும்.

அன்று ஐந்து மணிக்கு வழக்கம்போல ‘வாலிநோக்கம் நல்வாழ்வு’ குரூப்பில் அவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை வியாதி ஊரைவிட்டே ஓடிவிடும் என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் சத்தியம் செய்வார். ஆறு பத்துக்கு அதன் கீழே ஹமீதா பானு என்ற பெயரில் நாலு வரி விழுந்தது. இது ஆறு வருடப் பழைய வீடியோ, பேசுகிறவர் டாக்டர் இல்லை நடிகர், கடைசியில் வருகிற பொடி விளம்பரத்தை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள், சுகர் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

வெண்டைக்காய்க்கு ஆறு கட்டைவிரல். அதில் ஒன்று ராக்கப்பனே போட்டுக்கொண்டது. ஹமீதா பானுவுக்கு நாற்பத்தொன்று.

இதற்கு முன்னால் அவருக்குப் பொறாமைப்பட நேரமே இருந்ததில்லை. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்து மானாவாரி மிளகாய்க் காட்டிலிருந்து இருபது வயதில் வாலிநோக்கத்து உப்பளத்துக்கு வந்தவர். வெயிலோடு முப்பத்தாறு வருடம் நின்று மேஸ்திரி ஆனவர். உப்பளத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. பாத்தித் தண்ணீர் என்ன டிகிரியில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். கடல் தண்ணீர் மூன்று டிகிரியில் உள்ளே வரும், காய்ந்து காய்ந்து இருபத்துநாலைத் தொட்டால்தான் உப்பு விளையும். இடையில் எவனாவது “இருபத்திரெண்டு ஆயிருச்சு மேஸ்திரி” என்றால், தலையை ஆட்டிக்கொண்டே இடுப்பிலிருந்து கண்ணாடி மீட்டரை எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். முதலாளி சொன்னாலும் அப்படித்தான். ஒருமுறை அதிகாரி ஒருவர் சொன்னபோதும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் திருப்பூரிலிருந்து மகன் மாரீஸ்வரன் ஒரு போனை வாங்கிக் கொடுத்தான். அதில் வந்ததை எல்லாம் மேஸ்திரி நம்பினார். போனுக்குள் மிதக்கவிட மீட்டர் இல்லை என்பதாலோ என்னவோ.

நம்பியதோடு நிற்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பவும் செய்தார். மூட்டுவலிக்கு ஒன்று, மூச்சிரைப்புக்கு ஒன்று, வெள்ளிக்கிழமையானால் கல்லீரல். டீக்கடையில் அவரைக் கண்டதும் பெஞ்சில் இடம் விடுவார்கள். அவருடைய கூட்டத்தில் உப்பு வாருகிற வேல்ராஜ், “இன்னைக்கு எந்த வியாதிக்கு மேஸ்திரி லீவு விட்டீக?” என்று கேட்பான். அதைக் கேலி என்று மேஸ்திரி கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நல்ல மனசுக்காரர்.

ஹமீதா பானு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கணவர் சதக்கத்துல்லா சவுதியில், தம்மாமில் இருக்கிறார். முதல்முறை போவதற்கு அவருக்கு வந்த விசாக் கடிதம் போலி. மாலை மரியாதையோடு சென்னை விமான நிலையம் வரைக்கும் போய், அங்கேயிருந்து அதே மாலையோடு திரும்பி வந்தார். அந்தக் காகிதத்தை ஹமீதா பானு தூக்கி எறியவில்லை. வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தார். முத்திரை இருந்த இடம், தொலைபேசி எண்ணில் இடித்த ஓர் இலக்கம், இன்றே அனுப்பு இன்றே அனுப்பு என்று அது அவசரப்படுத்திய விதம். அதற்குப் பிறகு தன் போனுக்கு வருகிற எந்தச் செய்தியையும் வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே விடுவது. விசாவுக்குக் கற்ற பாடத்தை வெண்டைக்காய்க்கும் போட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனால் பொறாமைக்கு இந்தப் பூர்வீகமெல்லாம் தேவையில்லை. அவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ராக்கப்பன் ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார். போக ஒரு காரணம் வேண்டுமே. ஆதார் அட்டையைக் கொண்டுபோனார். அந்த ஒரே வாரத்தில் அவருடைய ஆதாருக்குப் பதினோரு நகல்கள் சேர்ந்தன.

கடையில் பார்த்த முதல் காட்சியே நெஞ்சில் குத்தியது. கையில் போனோடு மூன்று பெண்கள், அவர்களுக்குப் பின்னால் வேல்ராஜ். சொந்தக் கூட்டத்து வேல்ராஜ். மேஸ்திரி காலையில் அனுப்பியதைத் திறந்து நீட்டி, “அக்கா, இது நெசமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். மேஸ்திரியைக் கண்டதும், பேங்க் பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொன்னான். கையில் பாஸ்புக் இல்லை.

அந்தம்மா செய்ததில் மந்திரம் எதுவுமில்லை. இதைச் சொன்ன ஆளுக்குப் பேர், ஊர் இருக்கிறதா என்று பார்த்தார். எந்த வருடத்துச் சமாச்சாரம் என்று தேடினார். முடிவில் எதையாவது விற்கிறானா, பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறானா என்று கவனித்தார். எதுவும் பிடிபடாதபோது அவர் சொன்னதுதான் ராக்கப்பனைத் திடுக்கிட வைத்தது. “எனக்குத் தெரியலைம்மா. நர்ஸம்மா வரட்டும், கேட்டுச் சொல்றேன்.”

தெரியவில்லை என்று சொல்கிறாள். அப்படிச் சொன்ன பிறகும் கூட்டம் கலையவில்லை. முப்பது வயதிலிருந்து தெரியாது என்ற வார்த்தையைப் பயன்படுத்தாமலே வாழ்ந்துவிட்ட ராக்கப்பனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

அந்தக் கேள்விகளை அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். ஹமீதா பானு போடும் செய்திகளிடம் மட்டும் கேட்பதற்காக. தான் அனுப்புவதிடம் கேட்பது அவருக்குத் தோன்றவில்லை. தன் பிள்ளையிடம் யாராவது ஆதார் கேட்பார்களா? மூன்று வாரம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதில் ஒரு நாள் சிக்கியது. வியாழக்கிழமை மின்தடை என்று அந்தம்மா போட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதான் கரண்ட் போயிற்று. ராக்கப்பன் அதைப் படம் பிடித்து, ‘தவறான தகவல், மக்கள் உஷார்’ என்று குரூப்பில் போட்டார். ஹமீதா பானு உடனே, தப்பாகப் போட்டுவிட்டேன், எல்லாரும் மன்னிக்கணும் என்று எழுதினார். மன்னிப்புக்கு ஐம்பத்தெட்டுக் கட்டைவிரல்.

அன்று மேஸ்திரி சாப்பிடவில்லை. இவள் தப்புச் செய்தாலும் விரல் விழுகிறதே, நாம் எதைச் செய்து தொலைப்பது என்று வெள்ளையம்மாளிடம் கேட்டார். வெள்ளையம்மாள் அவருடைய மனைவி. நாலு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். குரூப்பில் இல்லாத ஒரே ஆள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, நீங்களும் ஒருக்கா மன்னிப்புக் கேட்டுப் பாருங்களேன் என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நிலையில்தான் சித்திரை பிறந்து, உப்பு நன்றாக விளைகிற வெயிலில், அந்தச் செய்தி வந்தது.

‘பாக்கெட் உப்புதான் எமன். கடல் கல்லுப்பு அமிர்தம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் கல்லுப்பு கரைத்த தண்ணீர். இருபத்தோரே நாளில் பிரஷர் மாத்திரையைத் தூக்கி எறியுங்கள். படத்தில் இருக்கும் குஜராத் உப்பளத் தொழிலாளிக்கு வயது எண்பத்து மூன்று. நாற்பது வருடமாகக் குடிக்கிறார். பிரஷர் என்றால் என்னவென்றே தெரியாது.’ கீழே படம். வெள்ளை அம்பாரங்களுக்கு முன்னால், தலையில் துண்டும் நீளப் பலகையுமாக முதுகு காட்டிக் குனிந்து உப்பு வாரும் ஒரு கிழவர்.

நாட்டில் ஆயிரம் ஊர்களில் இதைப் படித்துவிட்டு அழித்திருப்பார்கள். வாலிநோக்கத்தில் அது நடக்காது. தலைமுறை தலைமுறையாக உப்பு வாரி, காலில் வெடிப்பும் கண்ணில் கூச்சமும் தவிர வேறு விருது வாங்காத ஊர். அந்த உப்பை ஒருவன் முதன்முதலாக அமிர்தம் என்கிறான். தன் பிள்ளையைப் பாராட்டுகிறவனிடம் போய் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. ராக்கப்பன் ஐந்து மணிக்கு அதைக் குரூப்பில் போட்டதும் கைகூப்புகள் மளமளவென்று விழுந்தன. தொண்ணூற்றாறு. ராக்கப்பன் அந்த எண்ணை மூன்றுமுறை எண்ணினார்.

ஹமீதா பானு ஆறு பத்துக்கு வந்தார். கல்லுப்போ தூளுப்போ, எந்த உப்பும் பிரஷரை ஏற்றத்தான் செய்யும், நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். இந்தமுறை விரல்கள் அவ்வளவாக விழவில்லை. நம் உப்பைக் குறை சொல்கிறாளே என்று சிலருக்கு வருத்தம்கூட.

ராக்கப்பன் அத்தோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார். ஆனால் பொறாமைக்காரனுக்கு ஜெயித்தது போதாது, எதிராளி தோற்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு அவர் குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார். “சும்மா பேசிக்கிட்டு இருக்க வேணாம். என் வீட்டுலயே செஞ்சு காட்டுறேன். இன்னையோட என் சம்சாரம் மாத்திரையை நிறுத்துறா. இருபத்தியோரு நாள் கழிச்சு நர்ஸம்மா வந்து மிஷினை மாட்டட்டும். அன்னைக்குத் தெரியும் யாரு சொல்றது நெசம்னு.”

சம்சாரத்துக்கு இது எட்டு மணிக்குத்தான் தெரியும், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லி.

வெள்ளையம்மாள் சண்டை போடவில்லை. அந்தப் படத்தை ஒருமுறை காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சரி என்றார். அந்தச் சரியில் ஒரு சின்ன இறக்கம் இருந்தது. மேஸ்திரி அதைக் கவனிக்கிற மனநிலையில் இல்லை. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணி, பத்தொன்பது என்று பேனாவால் எழுதி, நாள்காட்டி ஆணியில் தொங்கவிட்டு, அதையும் படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். அத்தாட்சி.

மறுநாளிலிருந்து விடிகாலையில் இரண்டு தம்ளர். மனைவியை மட்டும் குடிக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். உப்புத்தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் சைக்கிளை எடுப்பார். வெள்ளையம்மாள் தன் தம்ளரோடு கொல்லைப்பக்கம் போவார், நின்று குடிக்கிறேன் என்று. பத்தாம் நாள் வாக்கில் கொல்லையில் இருந்த கறிவேப்பிலைக் கன்று மஞ்சளாகி இலை கொட்டத் தொடங்கியது. ராக்கப்பன் கவலைப்பட்டு, கறிவேப்பிலை நோய்க்குப் புளித்த மோர் ஊற்றும் ஃபார்வேர்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

உப்பளத்தில் அவர் நடை மாறிவிட்டது. வேல்ராஜுக்கும் பிரஷர் உண்டு. அவன் மாத்திரையை நிறுத்தவில்லை, ஆனால் நாள் எண்ண ஆரம்பித்தான். “மதினிக்கு நல்லபடியா வந்துருச்சுன்னா நானும் தூக்கிப் போட்டுருவேன் மேஸ்திரி. அந்த மாத்திரையைப் போட்டா ராத்திரியெல்லாம் எந்திரிக்க வேண்டியிருக்கு.” இதேபோல ஒன்பது பேர் குரூப்பில் கை தூக்கியிருந்தார்கள். இருபத்தோராம் நாளுக்கு மறுநாள் ஆரம்பிப்பதாக ஏற்பாடு. மேஸ்திரிக்குத் தலை கொஞ்சம் கனத்தது, பிடரி வலித்தது. பெருமையினால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்தோராம் நாள் மதியம், மாசாமாசம் வீட்டுக்கு வந்து பரிசோதிக்கும் நர்ஸ் துர்காதேவி மிஷினோடு வந்தார். சின்ன வயசு, நிதானமான பெண். வெள்ளையம்மாளின் கையில் பட்டையைச் சுற்றினார். மிஷின் முனகி முனகி நின்றது. நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நாலு.

ராக்கப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாத்திரை இல்லாமல் நூற்று முப்பத்திரண்டு. அந்த எண்ணை நெருக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். குரூப்பைத் திறந்தார். ‘உண்மை வென்றது’ என்று அடித்தும் விட்டார். அனுப்பப் போகிற நேரத்தில் துர்காதேவி, நீங்களும் குடிச்சீகளாமேண்ணே, உங்களுக்கும் பாத்துருவோம் என்றார். சாட்சி இரண்டாக இருப்பது நல்லதுதானே என்று மேஸ்திரி கையை நீட்டினார்.

நூற்று எழுபத்து நாலுக்கு நூற்று நாலு.

மிஷின் கெட்டுவிட்டது என்றார் அவர். துர்காதேவி ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மறுபடி பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு. சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. உப்புத்தண்ணீரை இந்த நிமிடமே நிறுத்த வேண்டும், நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும், நெஞ்சு வலித்தாலோ பேச்சுக் குழறினாலோ நாளை வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

அவர் போன பிறகு ராக்கப்பனின் முப்பத்தாறு வருடத்து உப்பள மூளை தானாக வேலை செய்தது. ஒரே தண்ணீர். ஒரே உப்பு. ஒரே இருபத்தோரு நாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி, ஒன்று இருபத்துநாலு டிகிரி காட்டுகிறது, இன்னொன்று பத்துக் காட்டுகிறது என்றால், வெயிலைக் குறை சொல்லக் கூடாது. மீட்டரையும் குறை சொல்லக் கூடாது. எவனோ மடையைத் திறந்து வேறு தண்ணீர் விட்டிருக்கிறான்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனார். செத்துப்போன கறிவேப்பிலைக் கன்றின் அடியில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

“ஏ வெள்ளை,” என்றார் திரும்பி வந்து. “மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

“அட்டை அப்படியே தொங்குதே. பத்தொம்பதும் இருக்கு.”

“அது நீங்க எண்ணுறதுக்கு. நான் போடுறது ஹமீதா கடையில இருக்கு.”

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. புருஷன் முகம் சுருங்கிவிடுமே என்று முதல் இரண்டு நாள் மாத்திரை இல்லாமல்தான் இருந்து பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் தலை சுற்றி, எதிரில் இருந்த கடையில் போய் உட்கார்ந்தார். ஹமீதா பானு துர்காதேவிக்குப் போன் போட, அவர் வேறு அட்டை கொண்டுவந்து கொடுத்தார். தினமும் பத்து மணிக்கு வெள்ளையம்மாள் அங்கே போய் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவது.

இதில் ராக்கப்பனைச் சுட்டது எது? மனைவி தலை சுற்றி விழப்பார்த்தது சுட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே சூட்டில் இன்னொன்றும் சேர்ந்து கொதித்தது. போயும் போயும் அவள் கடையிலா?

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. அவ சொன்னா நம்புவ, நான் சொன்னா நம்பமாட்டியா?”

“அவுக சொல்லி ஒண்ணும் நான் தெரிஞ்சுக்கலை,” என்றார் வெள்ளையம்மாள். “மொத நாளே எனக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுங்க.”

எடுத்தார். வெள்ளையம்மாள் படத்தைப் பெரிதாக்கி, குஜராத்துக் கிழவரின் முதுகுப்பக்கச் சட்டையில் விரலை வைத்தார். நீலச் சட்டையில் தோளுக்குக் கீழே நாலு மூலையாக ஒரு பச்சை ஒட்டு.

“இந்த ஒட்டுப் போட்டது நான். என் பழைய ரவிக்கைத் துணி. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பையன் கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்து, முதுகைத் திருப்பி நில்லுங்கன்னு உங்களை எடுத்துட்டுப் போனானே. இது நீங்கதான்.”

ராக்கப்பன் படத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். அம்பாரத்துக்குப் பின்னால் நின்ற ஒற்றைப் பனையும் அவர் தினமும் சைக்கிளைச் சாத்தி வைக்கிற பனைதான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் அவரோடு தினமும் வேலை செய்கிறவர்கள். அவரே நாற்பது முறை பார்த்திருக்கிறார். எண்பத்து மூன்று வயது என்று போட்டிருந்ததை ஒருத்தர்கூடச் சந்தேகப்படவில்லை. ஐம்பத்தாறு வயதுக்காரருக்கு அது தனி வலி.

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“சொன்னா நம்பியிருப்பீகளா? குரூப்புல வந்தாத்தானே உங்களுக்கு நெசம்.”

ராக்கப்பன் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். ‘உண்மை வென்றது’ இன்னும் அனுப்பப்படாமல் அதில் இருந்தது. நூற்று முப்பத்திரண்டு படமும் இருந்தது. ஒரு விரலைத் தட்டினால் போதும். எண் பொய்யில்லை, மிஷின் பொய்யில்லை. நூறு கைகூப்பு விழும், ஹமீதா பானு ஊருக்கு முன்னால் தோற்றுப்போவாள். விஷயம் தெரிந்தது மூன்று பெண்களுக்கு மட்டும். நாளைக் காலையில் வேல்ராஜும் இன்னும் ஒன்பது பேரும் மாத்திரையைத் தூக்கிப் போடுவார்கள். அவர்களுக்கு எத்தனை காட்டும்? அவர்கள் வீட்டில் கறிவேப்பிலைக் கன்றில் ஊற்றுகிற பெண்டாட்டி இருப்பாளா?

கால் ஜெராக்ஸ் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது. கடையில் யாரும் இல்லை. ஹமீதா பானு பள்ளிக்கூடப் பிள்ளையின் சான்றிதழ் ஒன்றுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். ஆதாரா மேஸ்திரிண்ணே என்று கேட்டார். ராக்கப்பன் இல்லை என்று தலையாட்டினார். எப்போது குரூப்பில் போடப்போகிறீர்கள் என்று கேட்டார்.

“எதை?”

“வெள்ளை உங்க கடையில மாத்திரை போட்டதை. நான் தோத்ததை.”

அந்தம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அது மதினி உடம்பு. அதைப் போய் நான் எதுக்கு ஊருக்குச் சொல்லப்போறேன்? பதினெட்டு நாளா வாயத் திறக்காமத்தானே இருந்தேன். நீங்க என்ன போடப்போறீகன்னுதான் எனக்குப் பயமா இருக்கு.”

இதைவிட அவர் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் சும்மா இருந்திருக்கிறாள். பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டால் மனுஷன் எங்கே போய் நிற்பது? ராக்கப்பனுக்கு அந்த இடத்திலேயே இன்னொரு நாலு பாயிண்ட் ஏறியிருக்கும். நல்லவேளை, மிஷின் பக்கத்தில் இல்லை. ஒன்றில் மட்டுமாவது இவளை முந்திவிட வேண்டும் என்ற வைராக்கியம் வந்துவிட்டது. உலகத்தில் நடக்கிற நல்ல காரியங்களை எல்லாம் நல்ல மனசுதான் செய்கிறது என்று நினைப்பவர்கள் அந்த மாலை வாலிநோக்கம் பஸ் நிறுத்தத்தில் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் அந்த நீலச் சட்டையை எடுத்து மாட்டினார். உப்பளத்துக்கு நடந்து, வேல்ராஜைக் கூப்பிட்டு, போனை அவன் கையில் கொடுத்து, பனையடியில் பலகையோடு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். எடுடா என்றார். வேல்ராஜ் எடுத்தான். எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மேஸ்திரி, அந்தக் குஜராத்துக் கெழவன்...”

“பேசாத. இங்கன கொண்டா.”

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அவர் அனுப்பியது இது. “குஜராத்துக் கிழவர் நான்தான். எனக்கு ஐம்பத்தாறு வயசு. நாற்பது வருசம் இல்ல, இருபத்தோரு நாள் உப்புத்தண்ணி குடிச்சேன். பிரஷர் 174. என் சம்சாரத்துக்கு நல்லா இருக்கு, ஏன்னா அவ எனக்குத் தெரியாம டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கிட்டா. நம்ம உப்பு நல்ல உப்பு. குழம்புல அளவாப் போடுங்க, வியாதிக்குக் குடிக்காதீங்க. யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க. இதைச் சொன்னது ராக்கப்பன் மேஸ்திரி, இன்னைக்குச் சாயங்காலம், உப்பளத்துல இருந்து. நான் எதையும் விக்கலை. தப்பு என்னோடது. மன்னிக்கணும்.”

கூடவே நின்ற வேல்ராஜ் தன் போனில் அதைப் படித்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த மாத்திரை டப்பாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒன்பது பேரில் ஏழு பேர் அன்றே கையை இறக்கிவிட்டார்கள். மீதி இரண்டு பேர் வீட்டுக்கு மேஸ்திரியே சைக்கிளில் போனார். ஒருவர் வீட்டில் அதே உப்பைக் கரைத்து வைத்திருந்தார்கள். தன் கண்ணெதிரே கொட்டச் சொல்லி, கன்றில் ஊற்றவேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

விரல்கள் விழுந்தன. நூற்று ஆறு. ராக்கப்பன் வாழ்க்கையில் காணாத எண். படுக்கப் போகும்முன் சும்மா ஒருமுறை திறந்து பார்த்தார். அவருடைய செய்திக்குக் கீழே ஹமீதா பானு ஒரு வரி போட்டிருந்தார். ‘மாஷா அல்லாஹ் மேஸ்திரிண்ணே, இதைச் சொல்ல ரொம்பத் தைரியம் வேணும்.’

அந்த வரிக்கு நூற்றுப் பதினொன்று.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று, இதன் பேர் என்ன, தேதி முடிந்துவிட்டதா, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ராக்கப்பன் கேட்ட கேள்வியில் பின்னால் இருந்த வரிசை முணுமுணுத்தது. இப்போது வெள்ளையம்மாளும் அவரும் காலையில் ஒரே நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மாத்திரை போடுகிறார்கள். நல்ல தண்ணீரில்.

ஒரு மாதம் கழித்து துர்காதேவி மிஷினோடு வந்தார். மேஸ்திரிக்கு நூற்று நாற்பத்தாறு. நன்றாக இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்றார். ராக்கப்பனுக்குத் திருப்திதான். வெள்ளையம்மாளுக்கு மாட்டும்வரைக்கும்.

“நூத்தி இருபத்தெட்டு,” என்றார் துர்காதேவி.

ராக்கப்பன் இரண்டு எண்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரே வீடு, ஒரே சோறு, அதே உப்பு.

“அவளுக்கு இன்னொருக்கா பாரும்மா,” என்றார்.